வெளியூர்த் தரையில் பந்து ஏன் மட்டைக்கு அடங்குவதில்லை?

சொந்த ஊரில் எளிதாக வெல்லும் ஓர் அமெச்சூர் ஹாக்கி அணி வெளியூருக்குப் போனதும் முதல் கால் மணி நேரத்திலேயே தடுமாறுவதற்கு இரவுப் பயணக் களைப்பு, உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சல், நடுவரின் சாய்வு ஆகியவற்றைக் காரணமாகச் சொல்வது வழக்கம். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கொரோனா காலத்தில், 2020ஆம் ஆண்டில், ரசிகர்கள் இல்லாத அரங்குகளில் நடந்த ஐரோப்பியக் கால்பந்து லீக் ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், சொந்த மைதானத்தில் ஆடுவதன் சாதகம் குறைந்துபோனதைக் கண்டார்கள். ஆனால் மாற்று வீரர்களையும் நாலைந்து உறவினர்களையும் தவிரப் பார்வையாளர் என்று யாருமே இல்லாத அமெச்சூர் ஹாக்கியிலும் வெளியூர் ஆட்டம் கடினமாகத்தான் இருக்கிறது. அங்கே வருகிற அணி முதலில் சமாளிக்க வேண்டியது தரையை என்பதே என் கருத்து.

ஹாக்கி மைதானத்தின் அளவு எங்கும் ஒன்றுதான்: 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். தரை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். மண் மைதானம், புல்தரை, இழைகளுக்கு நடுவே மணல் நிரப்பிய செயற்கை விரிப்பு, மணலே இல்லாமல் நெருக்கமான குட்டை இழைகளைத் தண்ணீரால் நனைத்து ஆடும் டர்ஃப் என்று இவை வேறுபடுகின்றன. ‘ஹாக்கிப்பட்டி’ என்றே பெயரெடுத்த கோவில்பட்டியில் இன்று செயற்கை இழை மைதானம் இருக்கிறது என்றாலும், அந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளாக ஹாக்கி வளர்ந்தது மண் தரையில்தான். மண்ணில் பழகிய ஓர் அணி நனைந்த டர்ஃபில் ஆடப் போகும்போது பந்துக்கு என்ன நேர்கிறது என்பதை இயற்பியல் துல்லியமாகவே சொல்லிவிடுகிறது.

மட்டையால் பலமாக அடிபட்ட பந்து உடனே உருளத் தொடங்குவதில்லை. முதலில் தரையில் சறுக்கிக்கொண்டுதான் போகிறது. அப்போது தரையின் உராய்வு பந்தின் வேகத்தைக் குறைக்கிறது. கூடவே பந்தைச் சுழலவும் வைக்கிறது. சுழற்சி கூடிக்கூடி, வேகத்துக்கு ஈடாகும் கணத்தில் சறுக்கல் நின்று உருளல் தொடங்குகிறது. உள்ளீடற்றதாக இல்லாமல் சீராக நிறைந்த ஒரு கோளம், முதல் வேகத்தில் ஏழில் ஐந்து பங்குக்கு இறங்கும்போது இந்த மாற்றம் நடக்கும். இதில் வியப்பு என்னவென்றால், உராய்வு எவ்வளவாக இருந்தாலும் இந்தப் பங்கு மாறுவதில்லை. அந்த நிலையை எட்டப் பந்து கடக்கும் தூரம் மட்டுமே தரைக்குத் தரை மாறுகிறது.

மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு ஃபுல்பேக் (பின்களத் தடுப்பாட்டக்காரர்) பந்தை அடிப்பதாகக் கொள்வோம். உலர்ந்த, சமமான ஒரு தரையின் உராய்வுக் கெழு (உராய்வின் அளவைக் காட்டும் எண்) 0.5 என்றும், தண்ணீர் மசகாக நின்று உதவும் தரையில் அது பாதியாக 0.25 என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உலர்ந்த தரையில் 20 மீட்டரிலேயே சறுக்கல் முடிந்துவிடும்; அங்கே நிற்கும் சக வீரரை அடையும்போது பந்தின் வேகம் நொடிக்கு 14.3 மீட்டர். நனைந்த தரையில் அதே இடத்தில் பந்து இன்னும் சறுக்கிக்கொண்டுதான் இருக்கும்; வேகம் 17.4 மீட்டர். பந்து வந்துசேரும் நேரத்தில் உள்ள வித்தியாசம் நொடியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் முன்கள வீரர் அந்த நேரத்தில் 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். உலர்ந்த தரையின் கணக்கை நம்பி ஓடியவருக்கு முன்னால் பந்து கடந்து போயிருக்கும். மட்டையின் வளைந்த தலையோ ஒரு சாண்கூட இல்லை.

பந்தை எட்டிவிட்டாலும் சிக்கல் தீராது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், நனைந்த தரையில் வந்துசேரும் பந்தின் ஆற்றல் உலர்ந்த தரையில் இருந்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குறைந்தது 156 கிராம் எடையுள்ள அந்தக் கெட்டிப் பந்தை நிறுத்த, மட்டையைப் பிடித்திருக்கும் கை அந்த அளவுக்குத் தளர்ந்து கொடுக்க வேண்டும். சொந்த ஊரில் போதுமானதாக இருந்த தளர்வு இங்கே போதாமல், பந்து மட்டையில் பட்டு இரண்டு மீட்டர் தள்ளி எதிரணி வீரரின் காலடியில் போய் விழுகிறது. பார்ப்பவர்கள் அதைக் கவனக்குறைவு என்பார்கள். அப்படிச் சொல்வது வீரருக்கு இழைக்கும் அநியாயம். அவருடைய கை பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டதைத்தான் பிசகாமல் செய்திருக்கிறது.

கண் பார்த்ததற்கு ஏற்பக் கை தன் அசைவைத் திருத்திக்கொள்ள நொடியில் பத்தில் ஒன்று முதல் பத்தில் இரண்டு பங்கு வரை ஆகும். அந்த இடைவெளியில் வேகமான பாஸ் சுமார் இரண்டரை மீட்டர் கடந்துவிடும். ஆக, கடைசி இரண்டரை மீட்டரில் பந்து என்ன செய்யும் என்பதை வீரர் பார்த்து முடிவு செய்வதில்லை. முன்கூட்டியே கணித்துத்தான் மட்டையை வைக்கிறார். அந்தக் கணிப்பு, பழகிய தரையில் ஆயிரக்கணக்கான முறை பந்தை நிறுத்தியதால் மூளையில் படிந்தது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள பிழையைக் கொண்டு இத்தகைய கணிப்புகளைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. திருத்தம் நடக்கப் பிழை தேவை, பிழை நேரப் பந்து கிடைக்க வேண்டும். அதனால், அடிக்கடி பந்தைத் தொடும் நடுக்கள வீரர் புதிய தரைக்கு விரைவாகப் பழகுவதும், அரிதாகவே பந்து கிடைக்கும் முன்கள வீரர் மூன்றாம் கால் பகுதியிலும் தடுமாறிக்கொண்டிருப்பதும் எதிர்பார்க்கக்கூடியதே. வெளியூர் ஆட்டத்துக்கு முன் கிடைக்கும் பயிற்சி நேரத்தைக் கோல் அடித்துப் பார்ப்பதில் செலவிடும் அணிகளைக் கண்டால், அந்த நேரத்தில் முன்கள வீரர்களுக்கு 20 மீட்டர் பாஸ்களைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

எதிர்த் திசையில், டர்ஃப் அணி மண் மைதானத்துக்கு வரும்போது நேர்வது இதைவிட மோசம். டர்ஃபில் வீரர்கள் உடலைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு தரையாகக் கிடத்திப் பந்தை நிறுத்துவார்கள்; ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்துக்கு அது வேலி போட்டதுபோல் ஆகிவிடும். மண் தரையில் அந்தக் கடைசி இரண்டரை மீட்டருக்குள் ஒரு சிறு கல்லோ காய்ந்த காலணித் தடமோ இருந்தால் போதும், பந்து எழும்பி, கிடக்கும் மட்டையின் மேலாகத் தாண்டிவிடும். மண்ணில் வளர்ந்தவர் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, தன் உடலுக்கு நேராகப் பந்தை வாங்குவது பழைய பாணி என்று கேலி செய்யப்படுவதுண்டு. எழும்பும் பந்துக்கு அதுவே சரியான விடை.

இந்தத் தரை மாற்றத்தை உலக அளவில் அனுபவித்த அணி இந்தியா. கோலாலம்பூரில் 1975ஆம் ஆண்டு புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்த 1976 மாண்ட்ரீலில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அந்தச் சரிவு முழுவதையும் தரையின் தலையில் கட்டிவிட முடியாது என்றாலும், ஓராண்டு இடைவெளியில் வீரர்களின் திறமை அவ்வளவு தூரம் தேய்ந்துவிட்டது என்று நம்புவது அதைவிடக் கடினம்.

தண்ணீரிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மைதானத்தின் பரப்பு ஏறத்தாழ 5,027 சதுர மீட்டர். அதன் மீது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கவே 5,000 லிட்டருக்கு மேல் வேண்டும். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல; நீர் தேவைப்படாத விரிப்புகளைச் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் தேடிவருவதற்கு இது முக்கியமான காரணம். ஊற்றிய நீரும் நிலைப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் 800 வாட் வெயில் விழுந்து, அந்த வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானால், ஒரு மில்லிமீட்டர் நீர் சுமார் 50 நிமிடத்தில் மறைந்துவிடும். ஆட்டமோ 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். இடைவேளையில் மறுபடி நீர் தெளிக்கப்படாவிட்டால், முதல் பகுதியில் சறுக்கிய பந்து நான்காம் பகுதியில் இழைகளில் பிடித்துக்கொண்டு தாமதமாகும். வந்த அணி அரும்பாடுபட்டுப் பழகிய வேகம் அதற்குள் காலாவதியாகியிருக்கும். உள்ளூர் அணிக்கோ எத்தனை மணிக்கு எந்த மூலை முதலில் காயும் என்பதுவரை தெரியும்.

ஒரு கோல் பின்தங்கிய நிலையில், வெளியூரிலிருந்து வந்த அணிக்குக் கடைசி நிமிடங்களில், எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னர் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, கடைக்கோட்டிலிருந்து தள்ளப்படும் பந்து, கோலுக்கு முன்னால் 14.63 மீட்டர் ஆரத்தில் வளைவாக வரையப்பட்ட ‘டி’ பகுதியின் உச்சிக்கு வெளியே நிற்பவரை அடைய ஏறக்குறைய 19 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். நாம் மேலே கணக்கிட்ட பாஸின் தூரத்துக்கு இது மிக அருகில் இருப்பதால், தரை காய்ந்திருந்தால் இங்கும் பந்து சுமார் பத்தில் ஒரு நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். பந்து நகர்ந்த கணத்தில் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வரும் தடுப்பாட்டக்காரர் அதற்குள் 60 சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கிவிடுகிறார். அரை மட்டை நீளத்துக்கும் சற்று அதிகமான அந்தத் தூரம், பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி கோலை நோக்கி எறியும் டிராக் ஃபிளிக்கை அவருடைய மட்டை தொட்டுத் திசைமாற்றப் போதுமானது.