ஈவோ-டீவோ: சொல்லும் பொருளும்

'ஈவோ-டீவோ' என்பது எவல்யூஷன், டெவலப்மென்ட் என்னும் இரு சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டிச் செய்த சுருக்கப் பெயர். ஒற்றைக் கருமுட்டை பிளவுபட்டு முழு விலங்காக உருப்பெறும் முறை, இனத்துக்கு இனம் எப்படி மாறிவந்திருக்கிறது என்று ஆராயும் துறை இது. 1990களில் இந்தப் பெயர் பரவலானது. தமிழில் இதைப் 'பரிணாம வளர்ச்சி உயிரியல்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதும்போது துறையில் பாதி காணாமல் போகிறது. 'பரிணாம வளர்ச்சி' என்ற தொடர் முழுவதையும் எவல்யூஷன் என்ற ஒரே சொல்லுக்கு நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். டெவலப்மென்ட்டுக்கு அங்கே இடமில்லை.

இந்தக் குழப்பம் நம்மோடு தொடங்கியதன்று. எவல்யூஷனின் வேரான லத்தீன் வினைக்குச் சுருளை விரித்தல் என்று பொருள். டெவலப்மென்ட்டின் வேரான பிரெஞ்சு வினை, பொதிந்ததைப் பிரித்தலைக் குறிக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே செயல்தான். 18ஆம் நூற்றாண்டில் சுவிஸ் உடலியலறிஞர் ஆல்பிரெக்ட் வான் ஹாலர் போன்றோர், உயிரின் உருவம் கருவுக்குள் முன்பே மடங்கிக் கிடக்கிறது, பிறகு விரிகிறது என்று நம்பினர். அந்த விரிவுக்கு அவர்கள் இட்ட பெயரே எவல்யூஷன். 1859இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பில் இந்தப் பெயர்ச்சொல் இல்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் பெயர்ச்சொல்லும் நுழைந்தது.

தமிழில் எவல்யூஷனுக்குச் சொற்பஞ்சமில்லை. வடமொழி வழி வந்த 'பரிணாமம்' ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் குறிக்கும்; சாங்கியத் தத்துவத்தின் பரிணாமவாதத்தில் பழகிய சொல். இலங்கைப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்கின்றன. 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பாவில் இருக்கும் சொல் அது. அழகான, ஆழமான சொல். ஆனாலும் 'சிறத்தல்' என்ற பொருள் எனக்கு உறுத்துகிறது. உயிரினங்கள் மாறுகின்றன, ஆனால் மாறியதெல்லாம் மேம்பட்டதாகாது. 'வளர்ச்சி'யை ஒட்டவைப்பதிலும் அதே சிக்கல் இருக்கிறது. பரிணாமம் என்று மட்டும் சொன்னாலே போதும்.

டெவலப்மென்ட்டுக்குத்தான் சரியான சொல் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க உருளைப்புழுக்கள் உதவுகின்றன. வேளாண் துறையினர் இவற்றை நூற்புழுக்கள் என்பர். நெமட்டோடு என்ற பெயரின் கிரேக்க வேருக்கும் நூல் என்பதே பொருள். இவற்றுள் புகழ்பெற்றது சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல், முட்டை முதிர்ந்த புழுவாக ஏறக்குறைய மூன்றே நாள். உயிரியலறிஞர் சிட்னி பிரென்னர் 1960களில் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். ஜான் சல்ஸ்டனும் அவருடைய கூட்டாளிகளும் நுண்ணோக்கியில் உயிருள்ள புழுவைப் பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு உயிரணுவின் வம்சாவளியையும் வரைந்தார்கள். 1983இல், முட்டைக்குள் கருவாக இருக்கும் கட்டத்துக்கான வம்சாவளியும் முழுமையடைந்தது. ஆண், பெண் இரு தன்மையும் ஒன்றாக உள்ள இருபால் புழுவின் உடலில் தோன்றுபவை 1,090 உயிரணுக்கள். அவற்றுள் 131 குறித்த நேரத்தில் தாமே மடிகின்றன, எஞ்சுபவை 959. சாவும் இங்கே உடலமைப்பின் பகுதி. இதை 'வளர்ச்சி' என்று எப்படிச் சொல்வது?

'கருவளர்ச்சி'யும் பொருந்தாது. முட்டை வெளியேறும் துளை, புழு பொரிந்து இளம்புழுவாகத் திரியும்போதுதான் அமைகிறது. இந்தத் துளைதான் ஈவோ-டீவோ ஆய்வாளர்களுக்குப் பெரிய புதையலாக அமைந்தது. எலிகன்ஸில் பி5, பி6, பி7 என்று குறிக்கப்படும் மூன்று உயிரணுக்கள் பிளந்து 22 ஆகித் துளையை உண்டாக்குகின்றன. அதற்கான உத்தரவு, மேலே இனப்பெருக்க உறுப்பில் இருக்கும் 'நங்கூர' உயிரணு ஒன்றிலிருந்து வருகிறது. லேசர் கதிரால் அதை அழித்துவிட்டால் துளை தோன்றாது.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ரால்ஃப் சோமர் குழுவினர், வண்டுகளோடு ஒட்டி வாழும் பிரிஸ்டியோன்கஸ் பசிஃபிகஸ் என்ற மற்றோர் உருளைப்புழுவை இதனோடு ஒப்பிட்டனர். அதிலும் துளையை அமைப்பவை அதே மூன்று உயிரணுக்கள்தாம். ஆனால் உத்தரவு ஒரே உயிரணுவிலிருந்து வரவில்லை. இனப்பெருக்க உறுப்பின் பல உயிரணுக்கள் அதில் பங்கேற்கின்றன. செய்தி கடத்தும் மூலக்கூறுகளும் வேறு: எலிகன்ஸில் ஈ.ஜி.எஃப். என்ற புரத வகையின் சைகை முதன்மை, இங்கே 'விண்ட்' என்ற வேறொரு புரத வகையின் சைகை. துளைக்கு உதவாத முன்பின் உயிரணுக்களின் கதியும் மாறுகிறது. எலிகன்ஸில் அவை தோலோடு இணைந்துவிடும். பசிஃபிகஸில் பெரும்பாலும் மடிந்துபோகும். முடிவில் கிடைக்கும் உறுப்பு ஒன்றுதான். அதை அடையும் வழிதான் அடியோடு மாறியிருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

ஆகவே டெவலப்மென்ட்டுக்கு நான் பரிந்துரைப்பது 'உருவாக்கம்'. 'உருவாக்கு' என்ற வினை ஒரு கர்த்தாவைக் கேட்கிறதே என்று சிலர் தயங்கலாம். மேக உருவாக்கம், பாறை உருவாக்கம் என்று கர்த்தா இல்லாத இடங்களிலும் அச்சொல் பழகிவிட்டது. இலங்கை வழக்கிலுள்ள 'விருத்தி'யும் தகுதியானதே. தமிழ்நாட்டில் அது பெருகுதல் என்ற பொருளில் ஊறிவிட்டதால் இங்கே தடுமாற்றம் வரும். ஈவோ-டீவோ என்பதைப் 'பரிணாம உருவாக்க உயிரியல்' என்று எழுதலாம். உறுப்பு மாறாமல் அதன் உருவாக்க வழி மட்டும் மெல்ல விலகிச் செல்வதற்கு 2001இல் ட்ரூ, ஹாக் என்ற இரு ஆய்வாளர்கள் தனிப்பெயர் சூட்டினர். அதையும் இதே வரிசையில் 'உருவாக்க முறை விலகல்' எனலாம்.