களைக்கொல்லிக்கு முன்னால் 'பசுமை'

களைக்கொல்லிக்கு ஆங்கிலத்தில் ஹெர்பிசைடு. லத்தீனில் 'ஹெர்பா' என்றால் புல்பூண்டு. 'சைடு' என்ற பின்னொட்டு கொல்லுவதைக் குறிக்கிறது. பார்க்கப்போனால் நெல்லும் புல்தான். எதைக் கொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. தமிழ் சொல்கிறது: களைய வேண்டியது எதுவோ, அது களை. 'பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்கிறது குறள் (550). கூழ் என்பது அங்கே பயிர். களை கட்டல் என்பது களை பறித்தல். (திருவிழா களைகட்டியது என்கிறோமே, அந்தக் களை பொலிவைக் குறிப்பது. வேறு சொல்.)

வயல்காட்டில் யாரும் களைக்கொல்லி என்பதில்லை. "களை மருந்து அடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு இந்த 'மருந்து' உறுத்துகிறது. டப்பாவில் இருப்பது நஞ்சு. கொல்லி என்ற சொல் அதை மறைப்பதில்லை, ஆகவே அதுவே இருக்கட்டும்.

சரி, 'பசுமைக் களைக்கொல்லி' என்றால்? இங்கேதான் குழப்பம். பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற வேதியியலாளர்கள் 1998இல் பசுமை வேதியியலுக்கு 12 நெறிகளை வகுத்தார்கள். தயாரிக்கும் முறையில் ஆபத்தைக் குறைப்பது ஒரு நெறி. தயாராகும் பொருளே தீங்கு குறைந்ததாக இருப்பது இன்னொன்று. வேலை முடிந்ததும் அது சிதைந்துபோக வேண்டும் என்பது மற்றொன்று.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான இடைப்பொருளைத் தயாரிக்கப் பழைய முறையில் நச்சான ஹைட்ரஜன் சயனைடும் ஃபார்மால்டிஹைடும் வேண்டியிருந்தன. இரண்டுமே இல்லாமல், தாமிர வினையூக்கியைக் கொண்டு தயாரிக்கும் வழியை மான்சாண்டோ நிறுவனம் கண்டது. 1996இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது. ஆலைத் தொழிலாளிக்கு இது பெரிய நிம்மதி, மறுக்க முடியாது. ஆனால் வயலுக்கு வந்து சேர்ந்தது அதே கிளைபோசேட்தான். 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது.

அதனால் இரண்டு சொல் வேண்டும் என்பேன். ஆலையில் தீங்கு குறைந்தால் 'பசுமைத் தயாரிப்பு'. மண்ணிலும் நீரிலும் தீங்கு குறைந்தால்தான் 'சூழலுக்கு இணக்கமான களைக்கொல்லி'.

இரண்டாம் வகைக்கு பெலார்கோனிக் அமிலம் நல்ல உதாரணம். செடிகளில் இயற்கையாகவே இருக்கும் கொழுப்பு அமிலம் அது. மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். தெளித்த சில மணி நேரத்தில் இலையின் செல் சவ்வு உடைந்து, நீர் கசிந்து, இலை கருகித் தொங்கும். ஆனால் பட்ட இடத்தோடு சரி, வேருக்கு இறங்காது. கோரை மாதிரி கிழங்கு வைத்த களை மறுபடி துளிர்க்கும். அப்புறம் களைக்கொட்டு என்ற கருவியைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.