பரிசல்காரர் இல்லாத ஒகேனக்கல்

ஒகேனக்கல் போய்வந்தவர்களின் கைப்பேசிப் படங்களைப் பாருங்கள். அருவி மட்டும் இருக்கிற படத்தில் காவிரி ஏதோ மதகுத் தண்ணீர் மாதிரி தெரியும். அதே காட்சியின் ஓரத்தில் ஒரு பரிசலும் துடுப்புப் போடும் ஆளும் வந்துவிட்டால், பாறை சட்டென்று வளர்ந்து அடிவயிற்றைக் கலக்கும்.

காரணம், தண்ணீருக்கும் பாறைக்கும் மேகத்துக்கும் சொந்த அளவு கிடையாது. கைக்கல்லும் குன்றும் படத்தில் ஒரே மாதிரி விழும். நிலவியலாளர்கள் பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் சுத்தியலை வைப்பது இதனால்தான். விழித்திரையில் பதிவது கோணம் மட்டுமே. 200 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் சுமார் அரை டிகிரி. கையை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் அகலத்தில் பாதி. ஆனால் மனிதர் உயரம் மூளைக்கு மனப்பாடம். அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடுகிறது.

ஓவியர்கள் இதை நன்றாகவே பயன்படுத்தினார்கள். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் படையை ஆங்கில ஓவியர் டர்னர் 1812இல் வரைந்தார். இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமான அந்தப் படத்தை நிரப்பியிருப்பது கருஞ்சுழலாக இறங்கும் பனிப்புயல். யானை? தேடித்தான் பார்க்க வேண்டும், எறும்பளவு.

ஜெர்மன் ஓவியர் ஃப்ரீட்ரிக் இன்னும் துணிச்சல்காரர். 1808க்கும் 1810க்கும் இடையில் அவர் வரைந்த கடற்கரைப் படத்தில் ஒரே ஒரு துறவி. மிச்சமெல்லாம் இருண்ட கடலும் வானமும். முதலில் கப்பல்களையும் வரைந்திருந்தார், பிறகு மறைத்துவிட்டார் என்பது அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் தெரிந்தது. அளவுகோல் ஒன்று போதும் என்று நினைத்தாரோ என்னவோ! என் கணக்கில் அது சரியான முடிவு. கப்பல் கடலைப் பழகிய இடமாக்கிவிடும்.

அவ்வளவு சிறிய உருவத்தைக் கண் எப்படிப் பிடிக்கிறது? மனித உடலைக் கண்டால் தனியாகக் கிளர்ச்சியடையும் பகுதி ஒன்று மூளையின் பின்பக்கத்தில் இருப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். ஒரு தலை, இரு தோள் என்று கோடு காட்டினாலே அது விழித்துக்கொள்ளும்.

மூடுபனியும் ஓவியருக்கு உதவுகிறது. நீர்த்துளிகள் ஒளி அலையைவிடப் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால் பனி வெள்ளையாகத் தெரியும், தூரத்துப் பொருள்கள் அதில் வெளுத்துப்போகும். முன்னால் இருக்கும் உருவம் மட்டும் கறுத்து நிற்கும். அருவிச் சாரலுக்கு முன்னால் பரிசல் தெரிவதும் இப்படித்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் பாறை ஓவியங்கள் உண்டு. குதிரை மேல் இருவர் சண்டையிடுகிறார்கள். மலையை வரைந்தவர்கள் விட்டுவிட்டார்கள். வரைந்ததே மலை மேல்தானே!

ஒகேனக்கலில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். காவிரி உண்மையிலேயே மிரட்டுகிற நாளின் படங்கள் சப்பென்று இருப்பது அதனால்தான். பாதி முழுகிய கைப்பிடிக் கம்பி ஏதாவது ஓரத்தில் தெரிந்தால் உண்டு.