'நன்றி' சொல்லாவிட்டால் மின்சாரம் மிச்சமாகிவிடாது

ஏஐ முதலான இணையச் சேவைகளை இயக்கும் கணினிகள் (சர்வர்கள்) குவிந்திருக்கும் டேட்டா சென்டர்களின் மின்செலவையும் குளிரூட்டலையும் தணிக்கை செய்வது என் தொழில். அண்மையில் போன ஒரு நிறுவனத்திலும் சுவரில் அதே அறிவிப்பு: "ஏஐயிடம் நன்றி சொல்லாதீர்கள். ஒரு கேள்விக்கு அரை லிட்டர் தண்ணீர் போகிறது!" போகிற இடமெல்லாம் இதைத் திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த அரை லிட்டர் 2023-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. ஜிபிடி-3 என்ற ஏஐ மாடல் தரும் நடுத்தர நீளமுள்ள 10 முதல் 50 பதில்களுக்குச் சேர்த்துத்தான் 500 மில்லி. எந்த ஊர், எந்த நேரம் என்பதைப் பொறுத்து அது மாறும் என்றும் சொன்னார்கள். மின் நிலையத்தில் செலவாகும் நீரும் அதில் அடக்கம். ஆள் மாற்றி ஆள் பகிர்ந்ததில் பத்தும் ஐம்பதும் உதிர்ந்து, ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது.

2025-இல் கூகுள் வேறொரு கணக்கு வெளியிட்டது: தன் ஏஐயான ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் கேள்விகளைச் செலவு வரிசையில் அடுக்கினால், நடுவில் வரும் கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரம், 0.26 மில்லி நீர். ஒன்பது வாட் எல்இடி விளக்கு ஒன்றரை நிமிடம் எரியும் அளவு. இதில் மின் நிலையத்து நீர் சேரவில்லை. படம், வீடியோ உருவாக்கும் செலவும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துச் சண்டை போடாதீர்கள், அளந்ததே வேறு வேறு.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும். 2024-இல் உலக டேட்டா சென்டர்கள் தின்றது ஏறத்தாழ 41,500 கோடி யூனிட், உலக மின்நுகர்வில் 1.5 சதவீதம். 2030-இல் இது 94,500 கோடியைத் தொடும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. இந்த ஏற்றத்துக்கு முதல் காரணம் ஏஐ. சுமை எல்லா ஊருக்கும் சமமாகப் பிரிவதும் இல்லை. அயர்லாந்தில் 2023-இல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது.

அறிவிப்பு ஒட்டிய அதே நிறுவனத்தில் என்ன நடந்தது தெரியுமா? பழைய ஆவணக் கிடங்கு முழுவதையும் இரவுதோறும் இருப்பதிலேயே பெரிய மாடலுக்கு அனுப்பிச் சுருக்கம் எடுத்தார்கள். ஆவணங்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சுருக்கத்தைப் படிக்க ஆளும் இல்லை. ஊழியர் சொல்லும் நன்றியைத் தடுத்தவர்களுக்கு இது கண்ணில் படவே இல்லை!

மாறாத ஆவணத்தை மறுபடி அனுப்பாதீர்கள். ஒருமுறை கிடைத்த பதிலைச் சேமித்து வையுங்கள். மின்னஞ்சலை வகைபிரிக்கச் சிறிய மாடலே போதும். சொந்த சர்வர் அறை வைத்திருப்பவர்களே, 18 டிகிரிக்குக் குளிரவைப்பதை விடுங்கள். சர்வருக்குள் நுழையும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்று குளிரூட்டல் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைத்துப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் போர்வை கேட்கும் குளிரில்தான் நின்று தணிக்கை செய்கிறேன்.

ஏஐ சேவை வாங்கும் மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். "நூறு சதவீதம் பசுமை மின்சாரம்" என்ற வரியோடு திருப்தி அடையாதீர்கள். பெரும்பாலும் அது வருடக் கணக்கு. நண்பகல் சூரிய மின்சாரத்தைக் காட்டி, நள்ளிரவு நிலக்கரியை ஈடுகட்டிவிடலாம். மணிவாரிக் கணக்கைக் கேளுங்கள். குளிரூட்ட நீரை ஆவியாக்குகிறார்களா, அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். நீரை ஆவியாக்கினால் மின்சாரம் குறையும். வறண்ட பகுதியில் அதற்கு விலை கொடுப்பது அங்குள்ள மக்கள். பதிலை வாய்மொழியாக ஏற்காமல், ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.