‘ஏழாண்டுச் சிறை’ என்றால் எத்தனை நாள்?

“ஏழு ஆண்டுக் கடுங்காவல்” என்று நீதிபதி வாசித்ததும், வீட்டார் அன்றைய தேதியோடு ஏழு ஆண்டைக் கூட்டி ஒரு நாளைக் குறித்துக்கொள்கிறார்கள். சரியாக அந்த நாளில் கதவு திறப்பது அபூர்வம். முன்னால் வரலாம், பின்னாலும் தள்ளிப்போகலாம். எப்படி என்பது தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் குற்றத்துக்கு 7 ஆண்டு, 10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் 6 மாதம். இரண்டாவது குற்றத்துக்கு 3 ஆண்டு, 5,000 ரூபாய் அபராதம், தவறினால் மேலும் 3 மாதம். இதில் முதலில் தேட வேண்டியது ‘ஏககாலத்தில்’ என்ற சொல். அது இருந்தால் இரண்டு தண்டனையும் சேர்ந்தே ஓடும், 7 ஆண்டுதான். ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்று எழுதியிருந்தால் 10 ஆண்டு.

தீர்ப்புக்கு முன்பு இதே வழக்கில் ரிமாண்டில் 8 மாதம் இருந்திருந்தால் அது கழியும். இதை ‘செட் ஆஃப்’ என்பார்கள். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 428. ஆக, தண்டனைகள் ஏககாலத்தில் ஓடினால் மிச்சம் 6 ஆண்டு 4 மாதம். ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் இதில் சேராது.

பலர் கோட்டைவிடுவது அபராதத்தில்தான். அதைக் கட்டாததற்கான சிறை, மூலத் தண்டனை முடிந்த பிறகே தொடங்கும். ‘ஏககாலத்தில்’ என்ற சலுகை அதற்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. செட் ஆஃபும் கிடையாது. நம் கணக்கில் 6, 3 என 9 மாதம் கூடி, மொத்தம் 7 ஆண்டு 1 மாதம். ரிமாண்டில் கழிந்த 8 மாதத்தையும் விழுங்கி அதற்கு மேலும் ஒரு மாதம் பிடுங்கிக்கொள்கிறது, 15,000 ரூபாய். முழுப் பணமும் இல்லாவிட்டால் முடிந்ததைக் கட்டலாம்; கட்டிய விகிதத்துக்கு நாட்கள் குறையும்.

அதற்கும் வழியில்லாதவர்களுக்காகவே ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை மத்திய அரசு 2023இல் கொண்டுவந்தது. அப்போதைய வழிகாட்டுதலின்படி தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும், ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும் மாவட்டக் குழு அனுமதிக்கலாம். ஊழல், போதைப்பொருள், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கு இது பொருந்தாது. மனுவைத் தொடங்க வேண்டிய இடம் சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகம் அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. இப்போதைய வரம்பையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்னடத்தைக்கும் வேலைக்கும் சிறையில் தண்டனைக் கழிவு உண்டு. நாட்களின் எண்ணிக்கை மாநிலச் சிறை விதிகளைப் பொறுத்தது. விதிமீறல் செய்தால் பெற்றதும் போகும். அதனால் கழிவை நம்பித் திருமணத் தேதி குறிக்காதீர்கள்.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்பது ஊர்ப்பேச்சு. சட்டத்தில் அது வாழ்நாள் முழுவதும். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு சிறையில் கழியும் முன் விடுவிக்கக் கூடாது என்பதுதான் விதி. பதினான்கு முடிந்தால் அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவே. பரோலில் வீட்டில் இருந்த நாட்கள் அந்தப் பதினான்கில் சேராது என்று 2023இல் கோவா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னும் தீர்ப்பே வராமல் உள்ளே இருப்பவர் என்றால் அதே சன்ஹிதாவின் 479ஆவது பிரிவைப் பாருங்கள். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலமும், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் மூன்றில் ஒரு பங்கும் கழித்திருந்தால் விடுவிக்கக் கோரலாம். மரண, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடையாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆனாலும் வீட்டார் ஒரு மனுவாக நினைவூட்டுவது நல்லது.

காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். கைதியை நேரில் பார்க்கச் சிறைக்குப் போக முடியாதவர்கள் இ-முலாகாத் என்ற இணையச் சேவை மூலம் காணொளியில் பேசப் பதிவுசெய்யலாம். தாய் சிறையில் இருந்தால் ஆறு வயது வரை குழந்தை அவருடனே இருக்கலாம். வெளியே இருக்கும் பிள்ளைகளின் படிப்பு, பராமரிப்பு உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். ஆதார் அட்டையோடு, உள்ளே இருப்பவரின் கைதி எண்ணும் தீர்ப்பு நகலும் கையில் இருந்தால் ஒரு நடை மிச்சம்.