கெயார் என்ற சொல்லும் உழைச்செல்வானும்

என் தங்கையின் மகள் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ‘ஹெல்த் அன்ட் சோஷல் கெயார்’ படிக்கிறாள். இது இரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் அவள் இதைச் சொன்னபோது அம்மா கேட்டார்: “தாதி வேலைக்கா படிக்கிறாய், பிள்ளை?”

“இல்லை அம்மம்மா.”

“டொக்டருக்கா?”

“அதுவும் இல்லை.”

“பிறகு என்ன படிப்பு அது?”

அவள் தொலைபேசியை என் கையில் தந்தாள். “பெரியம்மா, நீங்களே சொல்லுங்கள்.” நான் மருத்துவமனைகளிலும் நகரசபை அலுவலகங்களிலும் தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். ‘சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும்’ என்று சொன்னேன். படிவங்களில் அப்படித்தான் இருக்கும். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, நன்றாகப் படிக்கட்டும்” என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து இந்தக் ‘கெயார்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இது மிகப் பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் ‘காரு’ என்றால் துயரம், மனக்கலக்கம். அதன் வினைச்சொல்லுக்குத் துக்கப்படுதல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் பெரிய வெள்ளியை ‘கார்ஃபிரைடாக்’ என்கிறார்கள். அங்கே முதலில் நிற்கும் ‘கார்’ இதே சொல்தான், புலம்பல் என்ற பொருளில். பலர் இதை லத்தீன் ‘கூரா’விலிருந்து வந்ததாக நினைக்கிறார்கள். அது தவறு. ‘கூரா’விலிருந்து வந்தது ‘கியூர்’, அதாவது குணப்படுத்துதல். ஒலியில் நெருங்கி நின்றாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பம். குணப்படுத்த முடியாத இடத்திலும் கெயார் உண்டு என்பதைப் படிக்க வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

துயரத்தைக் குறித்த சொல் எப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்வதைக் குறித்தது? எங்கள் ஊர்த் தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ‘கவலை’ என்றால் துக்கம். தமிழ்நாட்டில் அதே சொல் பெரும்பாலும் நாளையை நினைத்து வரும் கலக்கம். பழைய ஆங்கிலச் சொல்லுக்குள் இந்த இரண்டு கவலையும் சேர்ந்தே இருந்தன. ஒருவரைப் பற்றிய கவலை, அவருக்காக எழுந்துபோய் ஏதாவது செய்ய வைக்கிறது. பொருள் அப்படி நகர்ந்திருக்கிறது.

பட்டத்தின் பெயரில் உள்ள மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஹெல்த்’ என்பதன் வேரில் இருப்பது முழுமை, குறைவின்மை. நமது ‘நலம்’ அதற்கு நன்றாகவே பொருந்தும். ‘சோஷல்’ என்பது லத்தீனில் தோழன், கூட்டாளி என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குச் ‘சமூகம்’ இருக்கிறது.

சிக்கல் ‘பராமரிப்பு’ என்பதில்தான். அந்தச் சொல் கெட்ட சொல் அல்ல. வடமொழியில் ‘பராமர்சம்’ என்றால் தொடுதல், பற்றுதல், பிறகு ஆராய்தல். தமிழில் ‘பராமரி’ என்பதற்கும் விசாரித்தல், பாதுகாத்தல் என்ற பொருள்கள் உண்டு. தொட்டு, விசாரித்து, காப்பாற்றுவது என்று எண்ணிப் பார்த்தால் அழகாகவே இருக்கிறது. ஆனால் இன்றைய வழக்கில் அந்தச் சொல்லுக்கு வந்திருக்கும் வேலையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ‘பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை’ என்று பத்திரிகையில் வருகிறது. லிஃப்டுக்கும் சாலைக்கும் பூங்காவுக்கும் பராமரிப்பு நடக்கிறது. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டமான ‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்ட’த்தில் இது ஆங்கில ‘மெயின்டெனன்ஸ்’ என்பதற்கு நிகராக நிற்கிறது. பிள்ளைகள் மாதாமாதம் கொடுக்க வேண்டிய பணமும் அதில் அடக்கம். பழுதுபார்ப்பு, ஜீவனாம்சம், நோயாளியின் வாயைத் துடைத்துவிடுவது எல்லாவற்றையும் ஒரே சொல் சுமக்கிறது.

வீட்டுக்குள் நாம் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. “அம்மாவை யார் பார்க்கிறார்கள்?” என்றுதான் கேட்கிறோம். பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும் தமிழில் ஒரே வினை. ஒரு பட்டத்தின் பெயரில் ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்று எழுத முடியாது என்பதுதான் குறை.

இந்தப் பெயர் ஏன் இரண்டாகப் பிளந்து, ‘அன்ட்’ போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது என்பது பிரிட்டனின் கதை. 1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. மருத்துவம் எல்லோருக்கும் இலவசம் என்றானது. அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்து, பழைய ஏழைச் சட்டத்தை ஒழித்தது. முதுமையாலும் இயலாமையாலும் தங்க இடமும் துணையும் தேவைப்படுகிறவர்களின் பொறுப்பு உள்ளூர்ச் சபைகளிடம் போனது. அங்கே வசதியுள்ளவர் பணம் கட்ட வேண்டும். ஒரே மனிதரின் உடம்பு இரண்டு அலுவலகங்களுக்கிடையே பங்குபோனது அன்றுதான்.

இதை மாணவர்களுக்கு விளக்க ஒரு குளியல் போதும். தோல் நோய்க்கு மருந்திட வேண்டும் என்பதற்காக ஒரு தாதி வந்து ஒரு முதியவரைக் குளிப்பாட்டினால் அது மருத்துவம், இலவசம். கால் தளர்ந்து தானாகத் தொட்டிக்குள் இறங்க முடியாதவரைக் குளிப்பாட்டினால் அது சமூகப் பொறுப்பு, அதற்குக் கட்டணம் வரலாம். ஒரே தண்ணீர், ஒரே சவர்க்காரம், ஒரே முதுகு. ‘மருத்துவக் குளியலா, சமூகக் குளியலா’ என்பது இங்கே பல ஆண்டுகள் உண்மையாகவே விவாதிக்கப்பட்ட கேள்வி. இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பு உள்ளவர் சமூகப் பராமரிப்புச் செலவைப் பொதுவாகத் தானே ஏற்க வேண்டும். ஸ்கொட்லாந்து 2002இல் வேறு வழியில் போய், 65 வயதைக் கடந்தவர்களுக்கு உடல்சார்ந்த உதவியை இலவசமாக்கியது. இங்கிலாந்தின் சுகாதார அமைச்சு தன் பெயரோடு ‘சமூகப் பராமரிப்பு’ என்பதையும் சேர்த்துக்கொண்டது 2018இல்தான்.

என் பெறாமகளின், அதாவது தங்கை மகளின், படிப்பு இந்தப் பிளவின் மேல்தான் நிற்கிறது. முழுநேரமாகப் படித்தால் மூன்று ஆண்டுகள், 360 ‘கிரெடிட்’ புள்ளிகள். வேலை செய்துகொண்டு பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு ஆறு ஆண்டுகள் வரை ஆகும். சட்டம், அறநெறி, மனநலம், முதுமை, வறுமை எப்படி நோயாகிறது என்பது, ஆய்வு முறை எல்லாம் உண்டு. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல தமிழ்ப் பெற்றோர் இதில் ஏமாறுகிறார்கள்: இந்தப் பட்டம் மட்டும் ஒருவரைத் தாதியாகவோ பதிவுபெற்ற சமூகப் பணியாளராகவோ ஆக்காது. அவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட தனிப் படிப்பும் தனிப் பதிவும் வேண்டும். நிர்வாகம், நகரசபை, தொண்டு நிறுவனம், மேற்படிப்பு என்று பாதைகள் இதிலிருந்தும் திறக்கின்றன. ஆனால் சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும்.

வார இறுதியில் அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மறதி நோய் முற்றிய ஒரு மூதாட்டி. யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். ஒரு மூத்த பணியாளர் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்: ஊட்டாதே, உன் கையை அவர் கைக்குக் கீழே வை. கரண்டியைப் பிடிப்பது இவள் கை, அதன் மேல் படிந்திருப்பது அவர் கை. இரண்டும் சேர்ந்து மேலே போகும்போது வாய் தானாகத் திறக்கிறது. எண்பது ஆண்டுகள் தன் கையால் உண்ட பழக்கம் மூளையில் வேறெங்கோ மிஞ்சியிருக்கிறது. இதை அவள் எனக்குச் செய்து காட்டினாள், என் சமையலறையில், ஒரு கிண்ணம் தயிரோடு. மேலே என் கை, கீழே அவள் கை. உண்பது நான்தான் என்ற உணர்வு ஒரு கணமும் போகவில்லை.

அந்தக் கரண்டியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் திருக்குறள் நினைவுக்கு வந்தது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள்:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து

நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். மருத்துவம் என்பது இந்த நான்கும் சேர்ந்தது. ‘உழை’ என்றால் பக்கம், அருகு. உழைத்தல் என்ற வினையோடு இதைக் குழப்ப வேண்டாம். அரசனுக்கு அருகில் இருக்கும் அமைச்சரையும் வள்ளுவர் இன்னோரிடத்தில் ‘உழையிருந்தான்’ என்கிறார். ஆக உழைச்செல்வான் என்பவர் நோயாளியின் அருகில் இயங்குபவர். ஆயுர்வேத நூல்களிலும் இந்த நால்வகை உண்டு. பரிமேலழகர் இந்த நான்காமவருக்குத் தகுதியும் சொல்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. அன்பை முதலில் வைத்து, அறிவையும் விடாமல் சேர்த்திருக்கிறார். இந்த வேலைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

‘செவிலி’யையும் நான் நினைத்துப் பார்த்தேன். சங்க இலக்கியத்தில் வளர்ப்புத் தாய். ‘தோழி தானே செவிலி மகளே’ என்கிறது தொல்காப்பியம். இன்று அது தமிழ்நாட்டில் தாதியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஆங்கில ‘நர்ஸ்’ என்பதும் பாலூட்டி வளர்ப்பவள் என்ற இடத்திலிருந்து வந்ததுதான். நல்ல சொல், ஆனால் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ‘புறந்தருதல்’ என்பது இன்னும் பொருத்தம், ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற புறநானூற்று வரியை அறிந்தவர்களுக்கு மட்டும். ‘சேவை’ வேண்டாம், அதில் கொடுப்பவர் உயர்ந்து, பெறுபவர் தாழ்கிறார்.

எஞ்சுவது ‘பேணுதல்’. ‘பெரியாரைப் பேணித் தமராக் கொளல்’ என்ற குறளில் பேணுவது என்றால் என்ன? அவர் விரும்புவதை அறிந்து செய்வது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. இங்கிலாந்துக்கான 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் முதல் பிரிவிலேயே ஒருவரின் நலவாழ்வை முன்வைத்து, அன்றாட வாழ்க்கையில் அவருடைய கட்டுப்பாட்டையும் விருப்பத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. பெறாமகள் கட்டுரை கட்டுரையாக எழுதிக்கொண்டிருப்பதும் அதைப் பற்றித்தான். ஆகவே என் முடிவு: கெயார் என்பதற்குத் தமிழ் ‘பேணல்’. பட்டத்தின் பெயர் ‘நலமும் சமூகப் பேணலும்’. முன்னால் வரும் ‘பி.எஸ்சி.’ இலங்கை வழக்கில் விஞ்ஞானமாணி, தமிழ்நாட்டில் இளநிலை அறிவியல். ‘பராமரிப்பு’ கட்டடங்களோடும் ஜீவனாம்சத்தோடும் இருக்கட்டும்.

இன்னொரு பிரிவும் வேண்டும். இங்கிலாந்தின் சட்ட வழக்கில் ‘கெயாரர்’ என்பவர் சம்பளமின்றித் தன் உறவைப் பார்ப்பவர். ‘கெயார் வேர்க்கர்’ சம்பளத்துக்கு வேலை செய்பவர். தமிழ்ப் படிவங்களில் இருவரும் ‘பராமரிப்பாளர்’. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கவாதம் வந்த மனைவியை நான்கு ஆண்டுகளாக அவர்தான் தூக்கி, குளிப்பாட்டி, உணவு கொடுத்து வந்தார். ‘நீங்கள் பராமரிப்பாளரா?’ என்ற கேள்விக்கு முன்பே ஒரு முறை ‘இல்லை’ என்று குறியிட்டு அனுப்பியிருந்தார். ஏன் என்று கேட்டேன். “நான் அவருடைய கணவன், வேலைக்காரன் இல்லையே” என்றார். அந்த ஒரு குறியால், அவருக்கு என்ன உதவி தேவை என்று கணிக்க வேண்டிய ஆட்கள் பல மாதங்கள் வரவில்லை. அப்படிக் கணிக்கப்படுவது அவருக்குச் சட்டப்படி உள்ள உரிமை.

அவரைப் போன்றவரைப் ‘பேணுநர்’ என்போம். ‘தற்கொண்டாற் பேணி’ என்று கணவனைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு வள்ளுவர் சொன்ன வினை, மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவனுக்கும் பொருந்தும். சம்பளத்துக்குப் பயிற்சியோடு வருபவரை ‘உழையர்’ என்போம். இதுவும் பழைய இலக்கியங்களில் அருகில் நிற்போரைக் குறித்த சொல்தான்.

நேற்று அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். நோயாளிக்கு அருகில் நிற்பவர்கள் எப்படி நிற்க வேண்டும், அவர்களுக்கு அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று படிக்கிறாள் என்றேன். “அதற்கும் சோதனை வைக்கிறார்களா?” என்று அம்மா கேட்டார். வைக்கிறார்கள், மே மாதத்தில் என்றேன்.