நுண்முகாமைத்துவம் அல்ல, மிகைத்தலையீடு

யாழ்ப்பாணத்தில் அலுவலர்களுக்காக நடக்கும் பயிலரங்குகளில் ‘நுண்முகாமைத்துவம்’ என்ற சொல் பதாகை வரைக்கும் ஏறிவிட்டது. மைக்ரோமனேஜ்மென்ற் என்பதற்கு இது தமிழாம். அகராதியைத் திறந்து, மைக்ரோவுக்கு நுண், மனேஜ்மென்றுக்கு முகாமைத்துவம் என்று இரண்டு துண்டை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது பிழை.

பொருள் இதுதான்: ஒருவரை நம்பி ஒப்படைத்த வேலையில், அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் மேலதிகாரி கை வைப்பது. ஆங்கிலத்தில் 1970களில் பரவிய சொல். மைக்ரோ கிரேக்கம், ‘சிறிய’. மனேஜ் இத்தாலிய மொழியில் குதிரையைக் கையாள்வதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; அதற்கும் வேர் ‘கை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். வரலாறு இவ்வளவு போதும். என் சண்டை ‘நுண்’ என்ற முன்னொட்டோடுதான்.

தமிழில் ‘நுண்’ புகழ்ச்சி. நுண்ணறிவு, நுண்ணுணர்வு, நுணுக்கம் எல்லாம் ஒருவரை மெச்சும்போது வருபவை. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் பெயரைக் கேட்டு வளர்ந்த ஊரில், ‘எங்கள் முகாமையாளர் நுண்முகாமை செய்கிறார்’ என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்? மனுசன் வேலை தெரிந்தவர் என்றுதான். கண்டனமாகப் பிறந்த சொல் பாராட்டுப் பத்திரமாகிவிடுகிறது.

அடுத்தது, வடக்கில் ‘நுண்’ என்றதும் காதில் விழுவது நுண்கடன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் தவணை வசூலை அனுபவித்த கிராமங்களில், நுண்முகாமைத்துவம் என்றால் அந்தக் கடனை முகாமை செய்வது என்றோ சிறுதொழில் நடத்துவது என்றோதான் விளங்கும். உயர்தரத்தில் நுண்பாகப் பொருளியல் படிக்கவில்லையா என்று கேட்பார்கள். அங்கே நுண்பாகத்துக்கு எதிரே பேரினம் நிற்கிறது; அளவைப் பிரித்துக் காட்ட அந்த அடை வேண்டும். இங்கே எதிரே நிற்கப் ‘பேரின முகாமைத்துவம்’ என்று ஒன்று இல்லை. வேலை சிறியதா பெரியதா என்பதல்ல இங்கே குற்றம், தலையிடுவது அளவு மீறியது என்பதே.

‘த்துவம்’ என்ற வடமொழி வாலும் வேண்டியதில்லை. முகாமை என்றாலே போதும். பீடங்களின் பெயரிலும் பதவிப் பெயரிலும் ஏறியதைப் பிடுங்கச் சொல்லவில்லை. புதுச்சொல் ஆக்கும்போதாவது விடலாம்.

‘கடுங்கட்டுப்பாடு’ என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் பொருந்தாது. கண்டிப்பான மேலதிகாரி ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி என்பார், பிறகு உங்கள் மேசைப் பக்கம் வரவே மாட்டார். இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே ஒரு கோவையைப் பத்துத்தரம் திறந்து பார்ப்பவர் கண்டிப்பானவர் அல்லர், ஆனால் அவர்தான் இந்தச் சொல்லுக்குரியவர். ஊர்ப்பேச்சில் இதை அரியண்டம், ஆக்கினை என்கிறோம். உணர்வு சரி, ஆனால் எல்லாத் தொல்லைக்கும் அவை பொதுவான சொற்கள்.

ஆகவே மிகைத்தலையீடு. தலையீடு நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் தெரிந்த சொல். மிகை என்பதற்கு அளவு மீறல் என்ற பொருளோடு தவறு என்ற பொருளும் அகராதியில் உண்டு. கண்டனம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அவர் மிகையாகத் தலையிடுகிறார்’ என்று வினையாகவும் இயல்பாய் நிற்கும். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற குறள் சொல்லும் இரண்டு பிழைகளில் இரண்டாவது இந்த நோய்தான்: ஆராய்ந்து நம்பிய ஆளிடமே பிறகு சந்தேகம்.

இந்த நோய் ஊக்கத்தை எப்படித் தின்கிறது? ஒரு கிளை அலுவலகம். இலிகிதர் வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுகிறார். “எங்க, ஒருக்காக் காட்டும் பாப்பம்” என்று வாங்கும் முகாமையாளர் ‘தங்கள்’ என்பதை வெட்டி ‘உங்கள்’ என்று போடுகிறார். அடுத்த கடிதத்தில் ‘உங்கள்’ வெட்டுப்பட்டுத் ‘தங்கள்’ ஆகிறது. மூன்றாவது கிழமை இலிகிதர் தன் கடிதத்தைத் திருப்பி வாசிப்பதை விட்டுவிடுகிறார்: “எப்பிடியும் அவர் மாத்தத்தான் போறார்.” இப்போது உண்மையான பிழைகள், ஒரு தொகை, ஒரு திகதி, தவறிப் போகின்றன. ‘பாத்தீரோ, பாக்காட்டி என்ன நடக்கும்’ என்று முகாமையாளரின் சந்தேகம் உறுதியாகிப் பிடி இன்னும் இறுகுகிறது. அவர் இரண்டு நாள் விடுப்பில் நின்றால் ஒப்பத்துக்குக் காத்து கோவைகள் மேசையில் குவிகின்றன. உளவியலாளர் டெசியும் ரையனும் ஊக்கத்துக்கு அடிப்படையாகச் சொன்ன மூன்று தேவைகள் தன்முடிவு, திறமையுணர்வு, பிறரோடான பிணைப்பு. அந்தச் சிவப்புப் பேனா மூன்றையும் சேர்த்தே வெட்டுகிறது. (முதலாவதைத் ‘தன்னாட்சி’ என்று எழுதினால் நம்மூரில் அரசியல் கூட்டம் என்று நினைப்பார்கள்.)

எல்லா மேற்பார்வையும் மிகைத்தலையீடு அல்ல. காசோலைக்கு இரண்டு ஒப்பம் உள்ளகக் கட்டுப்பாடு. சேர்ந்து ஒரு மாதமான புதியவருக்குப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுப்பது கடமை. வேலை தெரிந்தவரிடம் அதையே தொடர்வதுதான் மிகை.

இதற்கு மருந்து கோச்சிங்: விடையைச் சொல்லாமல், கேள்வி கேட்டு அவரையே வழி காணவைப்பது. அங்கேயும் சொல் சிக்கியிருக்கிறது. ஹங்கேரியில் கொச் என்ற ஊரில் செய்த வண்டிக்கு ஊரின் பெயர் நின்றது. 1830களில் ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர், பரீட்சையைக் கடத்திவிடும் ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் அழைத்தார்கள். நாம் ரயிலைக் கோச்சி என்பதும் அதே ஊற்றிலிருந்துதான். ‘பயிற்சி’ என்று பெயர்த்தால் வகுப்பெடுப்பதாகிவிடும், ‘பயிற்றுவிப்பாளர்’ துடுப்பாட்ட மைதானத்துக்குப் போய்விட்டார், ‘வழிகாட்டல்’ என்றால் வழியைக் காட்டுபவர் மேலதிகாரியே. கவுன்சலிங்குக்கு உளவளத்துணை என்று அருமையாக ஒரு சொல்லைப் புழங்கவிட்டவர்கள் நாம். அந்தத் தடத்தில் திறன்துணை என்கிறேன். இலக்கணப்படி திறற்றுணை, அப்படி எழுதினால் எவருக்கும் விளங்காது, தெளிவுக்காகப் பிரித்தே எழுதுவோம்.

திறன்துணையின் செய்முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். எந்த முடிவை அவரே எடுக்கலாம், எதற்குக் கேட்க வேண்டும் என்று தொகையோடு முதலே எழுதிக்கொள்வது. உதாரணமாக 25,000 ரூபா வரை அவரே. கிழமைக்கு ஒருதரம் குறித்த நேரத்தில் அரை மணித்தியாலம், இடையில் கோவையைத் திறப்பதில்லை. அந்த அரை மணியில், கோச்சிங் முன்னோடி ஜோன் விட்மோர் பரப்பிய நான்கு படி: எதை அடைய வேண்டும், இப்போது எங்கே நிற்கிறது, என்னென்ன வழி உண்டு, எதை எப்போது செய்வீர். முகாமையாளர் பிழை விடுவது மூன்றாம் படியில். “நீர் என்ன செய்யலாமெண்டு நினைக்கிறீர்?” என்று கேட்டுவிட்டு, மூன்று வினாடி மௌனம் தாங்காமல் விடையையும் தானே சொல்லிவிடுவார். பத்து வினாடியாவது பொறுக்க வேண்டும். “ஏன் செய்யேல்லை?” என்றால் விசாரணை, சாக்குத்தான் வரும். “எதில நிண்டது?” என்றால் தகவல் வரும்.

ஈடுபாடுடையோர் (ஸ்டேக்ஹோல்டர்) எல்லோரையும் ‘பங்குதாரர்’ ஆக்கி, கப்பசிற்றி பில்டிங்குக்கு விளங்காத ‘இயலளவு விருத்தி’யை அறிக்கை தோறும் எழுதிக் குவிக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்லைத் துண்டு துண்டாகப் பெயர்க்காதீர்கள். அடுத்த பதாகை அச்சுக்குப் போகமுன், அந்தச் சொல்லை அலுவலகத்துக்கு வெளியே ஒருவரிடம், சந்தைக் கடைக்காரராக இருந்தாலும் சரி, சொல்லி என்ன விளங்குகிறது என்று கேளுங்கள். ‘நல்லா வேலை செய்யிறாராக்கும்’ என்று அவர் சொன்னால் பதாகையை நிறுத்துங்கள்.